மேஜைக்கால் பதிந்த அட்டை

…நான்காம் வரியிலேயே தடுக்கிவிட்டாள், குடிக்கிறாள், இத்தாலியில் இந்தப் பதுவா ஊரில் பட்டம் வாங்கினால் அப்படித்தான், நண்பர்கள் எழுதிச் சுவரொட்டியாக அச்சடித்த கிண்டல் பாட்டைத் தெருவில் நின்று உரக்கப் படிக்க வேண்டும், பிழைக்கு ஒரு மடக்கு வைன், பாட்டை எழுதியவன் நான், தொண்ணூறு வரிகளில் லாவீனியாவின் மானத்தை எதுகை பிசகாமல் வாங்கியிருக்கிறேன், எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை… நேற்று மாலைதான் கவனித்தேன், எங்கள் ஆய்வகத்து நுண்ணோக்கி மேஜை சாய்ந்திருக்கிறது. ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக்கொடுத்திருந்த அட்டையை ஏப்ரலில் உருவியது யார்? நான்தான், பாட்டின் முதல் இரண்டடி திடீரென்று வந்தது, காகிதம் கைக்கு எட்டவில்லை, அட்டை எட்டியது…

நீந்தும் பாக்டீரியாக்கள் மொய்க்கும் ஒரு சொட்டு நீரில் இரண்டு பிளாஸ்டிக் மணிகள், அவ்வளவுதான் அவள் ஆய்வு. மணிகளுக்கு உயிரில்லை, ஒன்றன்மேல் ஒன்றுக்கு ஆசையுமில்லை, சுற்றியிருக்கும் நெரிசல்தான் இடித்து இடித்துச் சேர்த்துவைக்கிறது என்பது முடிவு. செத்த பாக்டீரியாக்களுக்கு நடுவே மணிகள் சேரவில்லை என்றும் காட்டினாள், ஆனால் அது மார்ச்சில், அட்டை இருந்தபோது. உயிருள்ளவற்றைப் படமெடுத்தது மே மாதம். சாய்ந்த மேஜையில் மணிகள் இரண்டும் ஒரே ஓரத்துக்கு உருண்டால் சேராமல் என்ன செய்யும்? இன்று காலை பட்டத்தேர்வு முடிந்ததும் பேராசிரியர் மிகெலெத்தோ அவள் கையைக் குலுக்கி, அடுத்த வாரமே ஆய்விதழுக்கு அனுப்பிவிடலாம் என்றார். பலமாகக் கைதட்டியது நான். நேற்றே சொல்லியிருக்கலாமே? பாவம், தூங்கட்டும் என்று நினைத்தேன்… இல்லை, பாட்டுச் சுவரொட்டி அச்சாகிவிட்டது, சொன்னால் இன்றைய கூத்து வீணாகிவிடும், அதுதான்.

"உன் பாட்டுல பாதி பொய்டா, தோபியா," என்கிறான் பக்கத்தில் நிற்கும் நண்பன் எர்மெஸ். பாதிதானா? கூட்டம் நெருக்குகிறது, முதுகில் யாரோ முழங்கை, நான் அவள் பக்கமாகவே நகர்ந்துகொண்டிருக்கிறேன். கடைசி வரிக்கு வந்துவிட்டாள். அதற்குக் கீழே அந்த அட்டையை ஒட்டிவைத்திருக்கிறேன், கவிஞரின் கையெழுத்துப் பிரதியாம், என் திமிர்… அவள் படிக்கவில்லை. அட்டையில் அழுந்தியிருக்கும் வட்டத்தைக் கட்டைவிரலால் தடவுகிறாள்.

"என்ன டாக்டரம்மா, நின்னுட்டீங்க? குடிங்க," என்கிறான் எர்மெஸ்.

"இது எங்க கிடைச்சது, தோபியா?"

"லேப்ல."

"லேப்ல எங்க?"

பின்னாலிருந்து ஒரு தள்ளு, என் தோள் அவள் தோளில். மேஜைக்கு அடியில் என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. அவள் பாட்டிலை எடுத்து ஒரு மடக்கு குடித்தாள், எந்த வரியையும் பிழையாகப் படிக்காமலே. பேராசிரியர் நான்கடி தள்ளிக் கையில் கோப்பையோடு நிற்கிறார். அவளே போய்ச் சொல்லட்டும் என்று நான் நிற்கிறேன், அவள் என்னைப் பார்க்கிறாள், அவளும் நகரவில்லை… யாராவது இன்னொரு முறை இடித்தால் அவரிடம் போய்விடுவோமோ.