காத்தாயியின் வெங்காயம்

எனக்குப் பொறுமை கிடையாது. ஓவிய ஆசிரியைக்கு அது இருந்தே ஆக வேண்டும் என்று பயிற்சிப் பள்ளியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். காதில் வாங்கியிருந்தால்தானே. குன்னம் பக்கத்தில் ஒரு உயர்நிலைப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கரும்பலகையில் பூச்சாடி வரைந்து போட்டேன், பிள்ளைகள் பார்த்து வரைந்தார்கள், நான் திட்டினேன். அந்த ஊரில் எந்த வீட்டிலும் பூச்சாடி இல்லை. கொட்டாவி விட்டவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

1979 தை மாதம் அது. தலைமையாசிரியர் நடராசன் சார்தான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கும் எடுத்தார். அரைப்பரீட்சையில் பாதி வகுப்பு கணக்கில் குப்புற விழுந்திருந்தது. புதன்கிழமை என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, அடுத்த வாரத்திலிருந்து ஓவியப் பீரியடையும் தாமே கணக்குக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பூச்சாடி வரையாததால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போய்விடாது என்றார். சண்டைக்குத்தான் வாயைத் திறந்தேன். பூச்சாடி விஷயத்தில் அவர் சொன்னது நியாயமாகப் பட்டதால் மூடிக்கொண்டேன். ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. வீடு திரும்பும் பஸ் அரியலூர் போய்ச் சேரும்வரை எரிந்துகொண்டே இருந்தது. என் கையில் மிச்சமிருந்தது வெள்ளிக்கிழமை ஒரே ஒரு பீரியட்.

வியாழக்கிழமை வகுப்பு வாசலில் நின்று, நாளைக்கு ஆளுக்கொரு சின்ன வெங்காயம் கொண்டுவர வேண்டும் என்று சொன்னேன். அறுவடை நேரம், காட்டுக்குக் காடு வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது. சாம்பார் வைக்கப் போகிறோமா என்று உத்திராபதி கேட்டான். முறைத்தேன், உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தை விளக்கினேன். அவரவர் வெங்காயத்தை அவரவர் வரைய வேண்டும். பிறகு எல்லா வெங்காயத்தையும் என் மேசையில் குவித்துவிடுவேன். படத்தைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வெங்காயத்தைக் குவியலிலிருந்து எடுக்க வேண்டும்.

சட்டென்று வரைந்து முடித்தார்கள். பார்த்தால் வகுப்பு முழுக்க ஒரே வெங்காயம். நல்ல உருண்டை, மேலே கூரான வால், கீழே வேர்க்குஞ்சம். வெங்காயக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா, சந்தையில் போட்டி போட்டு வாங்குகிற முதல் தரத்தை வரைந்து வைத்திருந்தார்கள். ஒருத்தராலும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. பழனிவேல் தான் வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டே தன் வெங்காயத்தைத் தேடித் தோற்றான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"நீங்க வரைஞ்சது உங்க வெங்காயம் இல்ல. உங்க அப்பா மூட்டை வாயில வச்சுக் காட்டுற வெங்காயம். கையில இருக்கறத ஒருத்தராவது பாத்தீங்களா?"

ஆளுக்கொன்றை மறுபடி எடுத்துக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை யாரும் பென்சிலைத் தொடவில்லை. உருட்டிப் பார்த்தார்கள், வெளிச்சத்தில் பிடித்தார்கள். கடைசி பெஞ்சு காத்தாயி என் வகுப்பில் அதுவரை வாயே திறந்ததில்லை. அவள் திடீரென்று சிரித்தாள். தன்னுடையது ஒரு பக்கம் சப்பை என்றாள். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவனுடையது இரட்டை, ஒருத்தியுடையதில் மண்வெட்டி பட்ட வெட்டு, இன்னொன்றுக்கு வால் கோணல். நான் திட்டாமலே தலைகள் குனிந்து வரைந்தன. மறுபடி குவித்தபோது மேசையைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்கக் கூரை அதிர்ந்தது.

பிரம்போடு நடராசன் சார் வந்து நின்றார். வெங்காயக் குவியலைப் பார்த்துவிட்டு, சமையல் வகுப்பு எப்போதிலிருந்து என்று கேட்டார். திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே பீரியடை எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

கைக்குக் கிடைத்த படம் காத்தாயியுடையது. அதை அவரிடம் நீட்டினேன்.

"இந்த வெங்காயத்த எடுத்துக் குடுங்க சார். எடுத்துட்டீங்கன்னா ஓவியப் பீரியட் எனக்கு. இல்லன்னா இப்பவே எடுத்துக்குங்க."

என்ன துணிச்சலில் சொன்னேனோ. அவர் படத்தை ஒரு பார்வை பார்த்தார், குவியலிலிருந்து ஒன்றைத் தூக்கினார். காத்தாயி இல்லை என்று தலையாட்டினாள். போயிற்று, நானே என் பீரியடைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் சார் போகவில்லை. படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். இதில் தோல் தொங்குகிறது, தோல் தொங்குவதைத்தானே எடுத்தேன் என்று காத்தாயியிடம் நியாயம் கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். "தோலு எல்லாரும் தொட்டதுல உதிந்துடுச்சு சார். தோல வுட்டுட்டு சப்பையப் பாருங்க."

சார் பிரம்பை மேசையில் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சப்பையானவற்றைத் தனியாக ஒதுக்கினார். ஒவ்வொன்றையும் படத்துக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழனிவேல் வாயைத் திறந்து உதவப் போக, அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னார். வகுப்பே பெஞ்சின் மேல் ஏறி எட்டிப் பார்த்தது. நானும்தான்.

மணி அடித்தது. அடுத்த பீரியட் கணக்கு, அவருடையது. பிள்ளைகள் மனசில்லாமல் இடத்துக்குப் போய்ப் பைக்குள் கைவிட்டார்கள்.

சார் தலையை நிமிர்த்தவே இல்லை.

"கணக்கு நோட்ட யாரும் எடுக்காதீங்க. எனக்கு இன்னும் கிடைக்கல."