ஜெபக் குறிப்பு என்று சொன்னது

திருவொற்றியூரில் தையல் கடை வைத்திருந்த ஹெப்சிபாவுக்கு அடுத்தவர் வீட்டுச் சங்கதிதான் ருசி. அளவு கொடுக்க வருகிற பெண்கள் மனம்விட்டுச் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். வெள்ளிக்கிழமை சபைப் பெண்கள் கூட்டத்தில் அதை ஜெபக் குறிப்பு என்று எடுத்து வைப்பாள். ஜெபத்துக்காகச் சொல்வதைப் புறணி என்று யார் சொல்ல முடியும்?

மகிமாவும் அப்படித்தான் நம்பிச் சொன்னாள். கல்யாணமாகி இரண்டு வருடம், கணவன் இன்னும் தொட்டதில்லை என்று பிளவுஸ் துணியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் படியிறங்கியதும் ஹெப்சிபா அந்தக் கூட்டத்தில் நெருங்கிய மூன்று பேருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பேசி அனுப்பினாள். பத்தே நாளில் அது மகிமாவின் மாமியார் காதுக்குப் போயிற்று. குடும்ப மானத்தைக் கடைவீதியில் விற்றவள் என்று அவளை வியாசர்பாடிக்கு, தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, ஆராதனைக்கு முன்னால் ஹெப்சிபா தண்ணீர் குடிக்கக் கோயிலின் பின்பக்கம் போனாள். குழாயடியில் இரண்டு பெண்கள் போனில் எதையோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“யாருக்கும் சொல்லிடாதீங்க, ஜெபத்துல மட்டும் வச்சுக்குங்க. பாவம், இன்னும் கன்னிதானாம்...”

அவள் குரல்தான். வார்த்தைகளுக்கு நடுவே ஈரமாக ஒரு சிரிப்பு, எலும்பை உறிஞ்சுவதுபோல. அப்படிச் சிரித்தது அவளுக்கு நினைவே இல்லை. தண்ணீர் குடிக்காமல் திரும்பினாள்.

அன்று அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து. பாவ அறிக்கைக்காகப் போதகர் ஐயர் கொஞ்ச நேரம் மௌனமாக விட்டார். வழக்கமாக அந்த நேரத்தில் யார் வரவில்லை என்று கண்ணை ஓட்டுவாள். இன்று கண்ணை மூடினால் அந்தச் சிரிப்பு. ஜெரினாவின் கலைந்த கர்ப்பம், பாலகணேஷின் வைத்தியம் என்று அவள் பந்தி வைத்ததெல்லாம் வரிசையாக வந்தது. “ஆண்டவரே” என்று தொடங்கினாள். அந்த வார்த்தையைச் சொல்லித்தானே இத்தனையையும் பரிமாறினாள்? வாய் கசந்தது. அவள் வரிசை எழுந்து பீடத்துக்குப் போனபோது, அவள் வெளியே நடந்து வியாசர்பாடி பஸ்ஸைப் பிடித்தாள்.

ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மகிமாவின் அம்மா மங்கை கதவை மறித்து நின்றாள்.

“இன்னா, கேக்கறதுக்கு இன்னும் எதுனா கீதா? கேட்டுகினு போய் ஊருக்கெல்லாம் ஊது.”

பின்னால் மகிமா வந்து நின்றாள்.

“நான்தான் சொன்னேன் மகிமா. ஜெபத்துக்காக இல்ல. சொல்றப்ப நல்லா இருந்துச்சு, அதான் சொன்னேன்.”

“நானும் அந்தப் பதிவக் கேட்டேங்க்கா. அதுல சிரிச்சீங்க.”

“ஆமா. சிரிச்சேன்.”

“போயிடுங்க. உங்களப் பாத்தா கொமட்டுது.”

எனக்கும்தான் என்று சொல்ல வந்து, சொல்லாமல் படியிறங்கினாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தான் செய்ததை மகிமாவின் பெயர் சொல்லாமல் அறிக்கையிட்டாள். அந்தப் பதிவை அழித்துவிடுங்கள் என்று கைகூப்பினாள். ஒருத்தி நாற்காலியை இழுத்து நெருங்கி உட்கார்ந்தாள்.

“நேர்ல போனீங்களாமே. மகிமா இன்னா சொல்லுச்சு?”

அவள் கண்ணில் இருந்த பசியைப் பார்க்க ஹெப்சிபாவுக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட, பதில் தன் நாக்கின் நுனிவரை வந்து நிற்பது அருவருப்பாக இருந்தது.

“சொல்ல மாட்டேன்” என்று எழுந்து, சுவரோரம் தனியாக முழங்காலிட்டாள்.