பத்தொன்பது அடிச் சிரிப்பு

இயக்குநர் சிவநஞ்சப்பா எடுத்த பதினைந்து கன்னடப் படங்களில் பதினொன்றில் அவர் கிடத்தாத ஒரு பெண்ணின் பிணம் கிடந்தது. கீழே பாய், மூக்கில் பஞ்சு, கழுத்தில் சாமந்தி மாலை, தலைமாட்டில் விளக்கு. நீதிமன்றக் காட்சியில் வக்கீல் மேசைக்குப் பின்னால் கிடந்தாள். கல்யாண விருந்தில் இரண்டு இலை வரிசைகளுக்கு நடுவே கிடந்தாள். பரிமாறுகிறவர்கள் மிதிக்காமல் தாண்டிப் போனார்கள். படம் பிடிக்கும்போது அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், பிலிமைக் கழுவிப் பார்த்தால் இருப்பாள். எடிட்டர் அந்தத் துண்டை வெட்டி எறிந்தால் அடுத்த காட்சிக்கு நகர்ந்துவிடுவாள். பெங்களூர் விமர்சகர்கள் இதில் தத்துவம் கண்டுபிடித்துப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். மண்டியா கொட்டகைக்கு வந்தவர்களுக்குத் தத்துவமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. எந்த ரீலில் வருகிறாள் என்று பந்தயம் கட்டிக்கொண்டு, இரண்டாம் தடவையும் டிக்கெட் எடுத்தார்கள்.

அவள் பெயர் ஜலஜாக்ஷி. ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியிலிருந்து வந்தவள், புருஷன் இல்லை, ஒரே மகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில், சிவநஞ்சப்பாவின் மூன்றாவது படத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவேரிக் கரையில் செத்துப்போன தாயாக நடித்தாள். பிணமாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பை பிலிமில் பிடிக்க வேண்டும் என்பது பெங்களூர் காந்திநகர் படக்காரர்களின் கட்டாயம். அப்போதுதான் சாவு உடம்பை விட்டு இறங்கும். முகூர்த்தத்துக்குப் பூசணிக்காய் உடைக்க மறந்தவர்கள் உண்டு, இதை மறந்தவர் கிடையாது. சிவநஞ்சப்பாவும் மறக்கவில்லை. பிலிமுக்குப் பெரிய தட்டுப்பாடு இருந்த வருடம் அது. கேமராவில் மிச்சம் பத்தொன்பது அடி, அதாவது பன்னிரண்டு விநாடி. அந்த நேரம் பார்த்து ஆற்றில் ஒரு மாலை மிதந்து வந்தது, அதன்மேல் கடைசி வெயில் விழுந்தது. அவர் கேமராவை ஆற்றுப் பக்கம் திருப்பச் சொன்னார்.

ஜலஜாக்ஷி பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். "சார், என் சிரிப்பு?"

"நாளைக்கு எடுத்துக்கலாம் ஜலஜம்மா. வெயிலு நமக்காக நிக்குமா?"

"வெயிலு நாளைக்கும் வரும் சார். செத்தவ நானில்ல?"

கேமராமேன் பாபண்ணா தலையைச் சொறிந்தார். "சார், பாவம், எடுத்துடலாமே."

மாலையைத்தான் எடுத்தார்கள். அந்தப் பன்னிரண்டு விநாடிக்கு விருதும் கிடைத்தது. மறுநாளைக்கு பிலிம் வரவில்லை, யூனிட்டைக் கலைத்துவிட்டார்கள்.

ஜலஜாக்ஷி மண்டியாவுக்குப் போய் மகளுக்குக் களி கிண்டிப் போட்டாள். மூன்றாம் நாள் கை சில்லென்று இருக்கிறதே என்று டாக்டரிடம் போனாள். அவர் நாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. நெஞ்சில் குழாயை வைத்தார், அங்கேயும் சத்தமில்லை. நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு அவளுக்குப் பசித்தது, தூக்கம் வந்தது, கோபமும் வந்தது. சூடு மட்டும் வரவில்லை, வயதும் ஏறவில்லை. முப்பத்து நான்கிலேயே நின்றுவிட்டாள். வருடங்கள் போகப் போக, புடவைக் கடையில் மகளைக் காட்டி "உங்க அக்காவுக்கு எந்தக் கலர்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒவ்வொரு படத்தின் கடைசி நாளும் ஒரு பொட்டலம் மத்தூர் வடையோடு படப்பிடிப்புக்கு வந்து ஓரமாக நிற்பாள். சிவநஞ்சப்பா "அடுத்த படத்துல கண்டிப்பா" என்பார். அவர் கல்நெஞ்சர் இல்லை. ஆனால் ஜனங்கள் தன் படத்துக்கு வருவது யாரைப் பார்க்க என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இவள் சிரித்து எழுந்துவிட்டால் தன் படத்தில் என்ன மிஞ்சும் என்ற பயம் அவரை இருபத்திரண்டு வருடம் பிடித்து ஆட்டியது. கண்ணாடியில் முகம் மழிக்கும்போதுகூடத் தோளுக்குப் பின்னால் சாமந்தி வாசம் வந்தது. வெட்கக்கேடுதான். அவருக்கும் அது தெரியும்.

தொண்ணூற்றாறில், பதினைந்தாவது படத்தின் கடைசி நாள், அதே காவேரிக் கரை. அந்தத் தடவை அவள் வடை கொண்டு வரவில்லை.

"பேத்தி பொறந்திருக்கா சார். நாலு மாசம். தூக்கினா வீல்னு அலறுறா. 'தொடாதேம்மா'ன்னு என் பொண்ணே சொல்லிட்டா."

"அடுத்த படத்துல..." என்று அவர் ஆரம்பித்தார். அவள் எட்டி அவர் கையைப் பிடித்தாள். இத்தனை வருடத்தில் அவர் அவளைத் தொட்டதே இல்லை. ஐஸ் பெட்டிக்குள் கை விட்டதுபோல் இருந்தது, தோள்வரை ஏறியது. இதையா ஒரு குழந்தை தாங்கும் என்று நினைத்தார், அழுகை வந்துவிட்டது.

"பாபண்ணா, பிலிம் எவ்வளவு இருக்கு?"

"பத்தொன்பது அடி சார். இன்னும் கிளைமாக்ஸ் ஷாட் இருக்கு."

"அது கெடக்கட்டும். இவங்க பக்கம் திருப்பு."

பாயை விரித்தார்கள். ஜலஜாக்ஷி ஒரு தடவை படுத்து எழுந்து சிரித்தாள். இருபத்திரண்டு வருடம் அடைத்து வைத்த சிரிப்பு, பன்னிரண்டு விநாடியில் தீரவில்லை. பிலிம் முடிந்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தாள். கழுத்தோரம் முத்து முத்தாக வேர்த்தது.

அன்றிலிருந்து பழைய படங்களில் பாய் மட்டும் கிடக்கிறது, தலை அழுத்திய பள்ளத்தோடு. கல்யாண விருந்தில் இப்போது அதன்மேல் நடந்தே பரிமாறுகிறார்கள். முடிவு இல்லாமல் வெளிவந்த பதினைந்தாவது படம் நான்கு நாள் ஓடியது. பதினாறாவதுக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஒரு மதியம் மண்டியாவில் பழைய படம் போட்டபோது ஆறு பேரோடு உட்கார்ந்து பார்த்தார். பக்கத்தில் ஜலஜாக்ஷி, மடியில் பேத்தி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "நான் இல்லாம படம் ரொம்ப நீளமா இருக்கு சார்" என்றாள் ஜலஜாக்ஷி. அவர் ஆமாம் என்றார்.

அதன் பிறகு இருபத்து மூன்று வருடம் இருந்தார். ஆற்றில் மிதந்த அந்த மாலையைப் படம் பிடித்ததைப் பற்றி யாராவது பாராட்டினால் எழுந்து போய்விடுவார். இறந்தபோது அவர் குல வழக்கப்படி விபூதி பூசி, மாலை போட்டு, உட்கார்ந்த நிலையில் புதைக்கத் தூக்கிப் போனார்கள். டி.வி.க்காரர் ஒருவர் படம் பிடித்துவிட்டுக் கேமராவை உறையில் போடப் போனார். தலை நரைத்த ஜலஜாக்ஷி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நிறுத்தாதப்பா. அவரு இன்னும் சிரிக்கல."

குனிந்து, தன் சூடான கையால் அவர் கையைப் பிடித்தாள். "சார், ஷாட் முடிஞ்சுது. சிரிங்க."

சிவநஞ்சப்பா கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அவள் உதடு அசையாமல் பன்னிரண்டு எண்ணினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். குழி தயாராக இருந்தது. பொழுது சாய்வதற்குள் மண்ணைத் தள்ளிவிட்டு எல்லோரும் குளிக்கப் போனார்கள்.