கள்வனுக்கு ஒரு கைபேசி

2024ஆம் ஆண்டு ஜூலை 5, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். சாவோ பாவ்லோவின் மீது, குடை பிடித்தால் வெட்கப்பட வேண்டிய, பிடிக்காவிட்டால் நனைந்துபோகிற தூறல். வெப்பம் பதினான்கு பாகை. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு லிஸ்பனிலிருந்து வந்திருந்த எவால்டோ, தன் முன்னாள் மனைவி ஜுசாரா குடியிருக்கும் அடுக்ககத்தின் வெளிக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்றான். அவள் அந்தப் பக்கம் நின்றாள். பேச்சு கம்பிகளின் ஊடாகவே நடந்தது.

அவன் கொடுத்த தாளை அவள் படித்துக்கொண்டிருந்தாள். மகள் தயினா இரண்டு ஆண்டுகள் லிஸ்பனில் தகப்பனுடன் தங்கிப் படிக்கத் தாய்க்குச் சம்மதம் என்பது தாளின் சாரம். அதில் தாயின் கையெழுத்தும், கையெழுத்து அவளுடையதே என்னும் நோட்டரி முத்திரையும் இல்லாவிட்டால், விமான நிலையத்துக் காவலர் பதின்மூன்று வயதுப் பெண்ணை ஓரடி நகர விடமாட்டார். விமானம் மறுநாள் மாலை.

“‘குழந்தை வளர்வதற்கு ஏற்ற பாதுகாப்பான சூழல்’னு எழுதியிருக்க. அப்ப இத்தன நாளா நான் எங்க வளத்தேன், சாக்கடையிலயா?”

“வக்கீல் எழுதினது, ஜுசாரா.”

“வக்கீலுக்கு இந்த ஊரப் பத்தி யாரு சொன்னா?”

“இங்க நடக்கறத எல்லாம் தினம் வீடியோல பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

“வீடியோல பாத்தது போதும், கால்ல நடந்து பாரு. அவளக் கூட்டிட்டு நடு ஊருக்குப் போ. டாக்ஸி கூடாது. நாலு மணிக்கு முழுசாக் கொண்டாந்து விடு. நோட்டரி ஆபீஸ் அஞ்சு வரைக்கும் தொறந்திருக்கும். அப்பச் சொல்றேன், கையெழுத்தா இல்லையான்னு.”

“ஆறு வருஷம் இந்த ஊருத் தெருவுல மோட்டார் சைக்கிள்ல பார்சல் கொண்டுபோனவன் நான். எனக்கே பரீட்சையா?”

“ஆமா. பிட் அடிக்காம எழுது.”

வாயிற்காவலர் அடெமிர் உட்கதவைத் திறந்து, தயினா வெளிவந்ததும் அதைச் சாத்தி, அதன் பிறகே வெளிக்கதவைத் திறந்தார். ஒன்று சாத்தாமல் மற்றொன்று திறக்கக் கூடாதென்பது கட்டட விதி. எவால்டோ அதை மனத்துக்குள் ஆமோதித்தான்.

அவனும் ஆயத்தமாகவே வந்திருந்தான். கைக்கடிகாரம் விடுதியில் இருந்தது. உண்மைக் கைபேசி சட்டைக்கு அடியில், வயிற்றோடு வைத்துக் கட்டிய பட்டையில். கால்சட்டைப் பையில், கண்ணாடி விரிசல் விட்ட பழைய கைபேசி ஒன்று: வழிமறித்துக் கேட்பவனிடம் மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுவதற்கு. நகரத்தில் பாதிப் பேர் இப்படி ஒன்று வைத்திருக்கிறார்கள்.

சாவோ பென்டோ சுரங்க ரயில் நிலையத்தில் படியேறி வெளியே வந்ததிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. சுவரோரமாக நட, முச்சந்தியில் நிற்காதே, எவன் மணி கேட்டாலும் பதில் சொல்லாதே. தயினா பையை நெஞ்சுப்பக்கம் மாட்டிக்கொண்டு, பல் துலக்குவதைப் போல யோசிக்காமலே இவை அனைத்தையும் செய்துகொண்டிருந்தாள்.

“அப்பா, தோளக் கொஞ்சம் எறக்குங்க. கைது பண்ணிக் கூட்டிட்டுப் போற மாதிரி நடக்கறீங்க.”

“அந்த ரெண்டு பேரப் பாத்தியா?”

“லாட்டரி விக்கறவங்க.”

சந்தையில் அவள் மொர்த்தடெல்லா இறைச்சி வைத்த ரொட்டியை ரசித்துத் தின்றாள். அவன் வாசலைப் பார்த்தபடி தின்றான். வயடக்ட் மேம்பாலத்தின் நடுவில், ஒன்பது ஆண்டுகளாகக் கணினித்திரையில் மட்டுமே அறிந்த அந்தப் பெண்ணின் பக்கவாட்டு முகத்தில் தன் மூக்கைக் கண்டு, அவன் ஒரு நிமிடம் அறிவுரையை நிறுத்தினான்.

“லிஸ்பன்ல இப்படிப் பாலம் இருக்கா?”

“இதவிடப் பெருசு. அங்க பயப்படாம நடக்கலாம்.”

“நான் இங்கயும் பயப்படலயே,” என்றாள்.

இரண்டரை மணிக்கு, லிபெரோ படாரோ தெருவில், அது நடந்தது. கரும்புச்சாற்றுக் கடையைத் தாண்டும்போது ஒரு மோட்டார் சைக்கிள் நடைபாதையில் ஏறி அவர்களுக்கு ஒரு முழத் தொலைவில் நின்றது. ஓட்டி வந்தவன் தலைக்கவசத்தின் கண்ணாடியை மேலே தள்ளினான். கறுத்த, இளைய முகம். அவன் கை மேலங்கிக்குள் போயிற்று.

எவால்டோ மகளைப் பின்னுக்குத் தள்ளினான். அவள் முழங்கை சுவரில் உரசித் தோல் கிழிந்தது. அவன் ஒரு கையை உயர்த்தி, மறு கையால் பழைய கைபேசியை நீட்டினான்.

“எடுத்துக்கோ. இவ்வளவுதான் இருக்கு. பொண்ண ஒண்ணும் பண்ணாத.”

மேலங்கிக்குள்ளிருந்து வந்தது ஒரு ரசீது. முகவரி எழுதியிருந்தது.

“நானூத்தி இருபத்தஞ்சாம் நம்பர் எதுன்னு கேக்க வந்தேன், தலைவரே. பலகையக் காணோம்.” வந்தவன் நீட்டப்பட்ட கைபேசியைப் பார்த்தான், புரிவதற்குச் சற்று நேரமாயிற்று. “ஓகோ. ஒடஞ்சதா வேற இருக்கு. எனக்குன்னே தனியா எடுத்து வச்சிருந்தீங்களோ?”

சாற்றுக் கடையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். “வாங்கிக்கடா தம்பி, வெளிநாட்டு கிரிங்கோ தானம் பண்றாரு!”

“அந்தப் பச்சைக் கதவுதாண்ணே நானூத்தி இருபத்தஞ்சு,” என்றாள் தயினா. “மன்னிச்சிடுங்க.”

“நீ ஏம்மா கேக்குற? அவருக்கு வாய் இருக்குல்ல?”

எவால்டோவுக்கு வாய் இருந்தது; அவன் கைபேசியைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டான். மன்னிப்புக் கேட்டால், தான் எதற்காகப் பயந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். வந்தவன் காத்திருந்தான். பிறகு தரையில் ஒரு முறை துப்பிவிட்டு, வண்டியைப் பச்சைக் கதவுவரை உருட்டிக்கொண்டு போனான்.

திரும்பும் ரயிலில் தயினா முழங்கையைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

“நீங்க வண்டி ஓட்டினப்ப உங்களுக்கு யாராச்சும் இப்படிப் போன் குடுத்தாங்களா?”

“அந்தக் காலம் வேற.”

“குடுத்தாங்களா?”

“ஒரு தடவ,” என்றான். “ஒரு அம்மா. கைப்பையவே குடுத்தாங்க.”

அவள் கைக்குட்டையை மறுபக்கம் திருப்பி முழங்கையில் வைத்துக்கொண்டாள்.

நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அவர்கள் கதவை அடைந்தனர். ஜுசாரா வெளியே வந்து, முதலில் பெண்ணைத் தலை முதல் கால் வரை நோட்டமிட்டாள், பிறகு முழங்கையை.

“இது என்ன?”

“மோட்டார் சைக்கிள்ல ஒருத்தன் நம்மளக் குறி வச்சு ஏறி வந்தான்,” என்றான் எவால்டோ. “நான் சமாளிச்சு அனுப்பிட்டேன். நான் இல்லன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாரு. இதுக்குத்தான் சொல்றேன், இந்த ஊரு வேணாம்னு.”

தயினா அவனைப் பார்த்தாள். பேச அவனுக்கு இடம் கொடுப்பவளைப் போல ஒரு மூச்சளவு பொறுத்தாள்.

“பொய்,” என்றாள். “அவரு விலாசம் கேக்க வந்தாரு. அப்பா பயந்துட்டு ஒடஞ்ச போனத் தூக்கி நீட்டினாரு. என்னத் தள்ளினது அப்பாதான்.”

அடெமிர் தம் கூண்டுக்குள் எதையோ தேடுபவரைப் போலக் குனிந்துகொண்டார்.

“பயந்தியா, சரி. இங்க எல்லாருந்தான் பயப்படறோம்,” என்றாள் ஜுசாரா. “அவ கண்ணு முன்னாடியே என்கிட்டப் புளுகற பாரு. ரெண்டு வருஷம் அங்க இவகிட்ட என்னத்தச் சொல்லி வளப்ப?” மகள் பக்கம் திரும்பினாள். “போறியா? உண்மையச் சொல்லு. எனக்காகச் சொல்லாத.”

“இந்த ஜூலை லீவு முடியற வரைக்கும் போறேன். ஸ்கூலுக்கு இங்க வந்துடறேன்.”

“நான் ரெண்டு வருஷத்துக்கு எல்லா ஏற்பாடும்—” எவால்டோ தொடங்கினான்.

“மணி நாலு அஞ்சு,” என்று ஜுசாரா மகளோடு தெருமுனை நோட்டரி அலுவலகத்துக்கு நடந்தாள். அவனுடைய தாளைப் போகிற வழியில் நான்காகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

தூறல் வலுத்தது. “உள்ள வந்து நிக்கட்டுமா?” என்று அவன் கேட்டான்.

“அம்மா சொல்லாம விட முடியாதுங்க சார்,” என்றார் அடெமிர். குரலில் வருத்தம் இருந்ததாகத் தோன்றவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் இருவரும் திரும்பினர். அடெமிர் விதிப்படி அவர்களை உள்ளே விட்டு, வெளிக்கதவைச் சாத்தினார். தயினா திரும்பிப் பார்க்காமல் மின்தூக்கியை நோக்கிப் போனாள். நோட்டரி அலுவலகத்தில் எழுதிய புதிய தாளை ஜுசாரா இன்னொரு முறை படித்தாள்: தகப்பனுடன் பயணம், ஆகஸ்ட் 3 அன்று திரும்ப வேண்டும், தங்கிப் படிக்க அனுமதி இல்லை. கீழே அவள் கையெழுத்து, அதன்மேல் முத்திரை.

கதவில் இடுப்புயரத்துக்கு, பார்சல் வாங்குவதற்கென வெட்டிய திறப்பு ஒன்று இருந்தது. அவள் அதன் மூடியைத் தூக்கி, தாளை மடிக்காமல் வெளியே நீட்டினாள். எவால்டோ குனிந்து வாங்கிக்கொண்டான்.