ஜன்னலோர வரிசை எழவில்லை

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற அந்தக் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை தையல் லைன் ஓடாது. ஆபீஸ் சிஸ்டங்களுக்கு மட்டும் அன்றைக்குத்தான் வேலை. வாரம் முழுக்கச் சேர்ந்த அப்டேட்டுகளை அன்று ஏற்றிவிட்டால்தான் திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்கு லேபிள் அடிக்க முடியும். அதற்காக சுபஸ்ரீ ஞாயிறுதோறும் குன்றத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, மேஜை மேஜையாகப் போய்ப் பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் எழுப்புவாள். வேல்விழி ஹாஸ்டல் அறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்டேட்டுகளை அனுப்புவாள். ஐ.டி. பிரிவு என்பது அவர்கள் இரண்டு பேரும், மேலே மேனேஜர் நடேசனும்தான்.

வேல்விழிக்குக் கோவில்பட்டிப் பக்கம். வந்த புதிதில் டெங்கு வந்து படுத்தபோது, சுபஸ்ரீதான் தினமும் ரசம் சாதத்தைத் தூக்கில் போட்டு எடுத்துவந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். அந்த நன்றிக்கடன் வேல்விழியின் மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. ‘இவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் காலை நீட்டிப் படுக்கக் கொடுத்துவைக்கவில்லையே’ என்றுதான் அந்த யோசனையே அவளுக்கு வந்தது. அணைந்து கிடக்கிற சிஸ்டத்தை நெட்வொர்க் வழியாகவே எழுப்பலாம். பிளக்கில் கரண்ட் இருந்தால் போதும், அணைந்த பிறகும் அதன் நெட்வொர்க் கார்டு அரைத்தூக்கத்தில் விழித்திருக்கும். எழுந்திரு என்று ஒரு செய்தி போனால் எழுந்துவிடும். நடேசன் சாரிடம் கேட்டாள். செய்து பார் என்றார்.

சனிக்கிழமை மதியம் இருவரும் சேர்ந்து அணைத்து, எழுப்பிப் பார்த்தார்கள். அத்தனையும் எழுந்தன. மறுநாள் ஹாஸ்டலிலிருந்து எழுப்பியபோது டிஸ்பேட்ச் அறையின் ஜன்னலோர வரிசை மட்டும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் சுபஸ்ரீ கிளம்பி வர வேண்டியதாயிற்று.

“மன்னிச்சிக்கோட்டி, அடுத்த வாரம் சரி பண்ணிருதேன்” என்றாள் வேல்விழி போனில்.

“வுட்றி, இன்னா இப்ப. எனக்குப் பழக்கம்தானே” என்றாள் சுபஸ்ரீ.

வேல்விழி விடவில்லை. அந்த வரிசையின் பயாஸ் என்கிற அடிப்படை அமைப்பை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். விண்டோஸ் பாதித் தூக்கத்தில் அணைவதை நிறுத்தினாள். நெட்வொர்க் கார்டின் டிரைவரை மாற்றினாள். கேபிளைக்கூடப் புதிதாக இழுக்கச் சொன்னாள். சுபஸ்ரீ மேஜைக்கடியில் அவளோடு குனிந்து செல்போன் வெளிச்சம் காட்டினாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லாம் எழுந்தன. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வரிசை பிணம்போல் கிடந்தது.

ஒரு ஞாயிறு, ஹாஸ்டலில் இருந்தபடி நெட்வொர்க் பெட்டியின் நிலையைத் திறந்து பார்த்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அணைந்து கிடந்தும் மற்ற வரிசைகளின் இணைப்புகள் உயிரோடு இருந்தன. ஜன்னலோர வரிசையில் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் சிஸ்டத்தில் கோளாறு இல்லை. சுவரிலேயே கரண்டை யாரோ அணைக்கிறார்கள்.

மறுநாள் அதைச் சுபஸ்ரீயிடம் சொன்னாள். அவள், “எல்லப்பண்ணாவா இருக்கும்டி. பெருக்க சொல்ல சுவிட்ச தட்டி வுட்டுட்டுப் போறாரு போல” என்றாள்.

வேல்விழி அதை அப்படியே நடேசனிடம் சொன்னாள். ஆபீசைக் கூட்டித் துடைக்கிற எல்லப்பனை அவர் கூப்பிட்டுக் கேட்கக்கூட இல்லை. அன்றைக்கே கழிவு யார்டுக்கு மாற்றிவிட்டார். வெட்டிப்போட்ட ஃபோமும் ரெக்சினும் மலையாய்க் குவிந்து கிடக்கிற, கூரையில்லாத இடம் அது.

அந்தச் சனிக்கிழமை, கம்பெனி பஸ் கிளம்புகிற சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. “தண்ணி பாட்டில வுட்டுட்டேன்டி” என்று சுபஸ்ரீ இறங்கி உள்ளே ஓடினாள். நனைந்துவிடுவாளே என்று வேல்விழி குடையோடு பின்னாலேயே போனாள். டிஸ்பேட்ச் அறையில் விளக்கு எரிந்தது. சுபஸ்ரீ ஜன்னலோர வரிசையின் கீழே குனிந்து, சுவர் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி சுபா... என்னட்டி பண்ணுத?”

சுபஸ்ரீ நிமிர்ந்தாள்.

“நீ ஏன்டி வந்த?”

“நீயாட்டி? இத்தன நாளும் என்கூட உக்காந்து லைட்டடிச்சியேட்டி!”

சுபஸ்ரீ நாற்காலியில் உட்கார்ந்தாள். “டூட்டின்னு சொன்னாதான்டி எங்கப்பா என்னிய ஞாயித்துக்கெழம வூட்ட வுட்டு வெளிய வுடுவாரு. தண்டலத்துல மோகன் எனக்காகக் காத்துக்கினு இருப்பாரு. வாரத்துல அந்த ஒரு வேளதான்.”

மோகன் என்ற பெயரையே வேல்விழி அன்றுதான் கேள்விப்பட்டாள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அம்மாவிடம் சொல்லாததைக்கூட வேல்விழி இவளிடம் சொல்லியிருக்கிறாள்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? உனக்காகத்தானட்டி இத ஆரம்பிச்சேன்.”

“நான் கேட்டனா?” சுபஸ்ரீயின் குரல் சட்டென்று உயர்ந்தது. “சொல்லியிருந்தா வுட்டிருப்பியா? நடேசன் சார்கிட்ட பேர் வாங்கணும்னு உனக்கும்தானே ஆச.”

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதனாலேயே அது ஆழமாகக் குத்தியது.

“சரி, எல்லப்பண்ணன்?”

சுபஸ்ரீ எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “திங்கக்கிழம நீயே சார்ட்ட சொல்லிரு” என்றாள் வேல்விழி. “மோகன் விஷயமெல்லாம் சொல்லாண்டாம். எல்லப்பண்ணன் அணைக்கலன்னு மட்டும் சொல்லு, போதும்.” சுபஸ்ரீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. வேல்விழி நம்பினாள்.

திங்கட்கிழமை நடேசனின் அறையில் சுபஸ்ரீ நேராக நின்று சொன்னாள்: “எல்லப்பண்ணா இல்ல சார். வேல்விழிதான் ஏதோ டெஸ்ட் பண்றேன்னு சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு மறந்துட்டுப் போறா. சொன்னா கோச்சுக்குவான்னு நான் சொல்லல.”

மோகன் என்ற பெயர் வேல்விழியின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் சாயங்காலத்துக்குள் குன்றத்தூரில் சுபஸ்ரீயின் அப்பா காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதை விழுங்கிக்கொண்டு, “பொய் சார். அணைச்சது அவதான், நான் கண்ணால பாத்தேன்” என்றாள். ஏன் என்று நடேசன் கேட்டார். “அவகிட்டயே கேளுங்க சார்.”

நடேசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்க சண்டைய கேட்டுக்கு வெளிய வச்சுக்கோங்கம்மா” என்றார். சுவிட்சுகளுக்கு மூடி போட்டுப் பூட்டச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அதோடு முடிந்தது.

மத்தியானம் வேல்விழி கழிவு யார்டுக்குப் போனாள். எல்லப்பன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஃபோம் துண்டுகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நான் தப்பாச் சொல்லிட்டேன். நீங்க இல்லன்னு சார்ட்ட சொல்லிட்டேன். திரும்ப ஆபீசுக்கே வந்துருங்கண்ணே.”

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

“தெனம் உன் டேபிள தொடச்சிக்கினு இருந்தவன் நானு. என்னிய ஒரு வார்த்த கேட்டியா மேடம்?”

வேல்விழி குனிந்து, சிதறிக் கிடந்த ஒரு ஃபோம் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“இங்கயே கீறேன், வுடு. வெயிலுதான். இங்க எவனும் என் மேல பழி போட மாட்டான்.”

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார்.

சுபஸ்ரீ மாதக் கடைசியில் மறைமலை நகர்ப் பிளாண்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அங்கே ஞாயிறுதோறும் சிஸ்டங்களை இன்னும் கையால்தான் எழுப்புகிறார்களாம், நடேசன் சொன்னார். போகும்போது அவள் சொல்லிக்கொள்ளவில்லை, வேல்விழியும் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் ஜன்னலோர வரிசை முழுவதும் எழுந்தது. வேல்விழி லேப்டாப்பைப் பார்த்தபடி வெகுநேரம் அப்டேட்டை அனுப்பாமல் உட்கார்ந்திருந்தாள். மெஸ்ஸில் சாப்பாட்டு மணி அடித்தது. அவள் கீழே இறங்கவில்லை.