ஏழாம் உருளையின் பள்ளம்

சுபாஸ்ரீக்கு அந்தப் பள்ளத்தின் மேல் அப்படி ஒரு பிரியம். மல்காஜ்கிரி பட்டறையிலிருந்து டிராலி ஆட்டோவில் கிளம்பிய ஏழாம் நம்பர் எஃகு உருளை, வழியில் ஏதோ ஒரு வேகத்தடையில் துள்ளி விழுந்து, இடுப்பில் ஒரு பள்ளத்தோடு கல்லூரி ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. வேறு யாராக இருந்தாலும் பட்டறைக்காரனைத் திட்டித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இவள் என்னவோ வெல்லக்கட்டியைக் கண்ட எறும்பு மாதிரி அதையே சுற்றிச் சுற்றி வந்தாள். இரண்டு நாள் லேசர் கருவியோடு உட்கார்ந்து, எங்கே மேடு, எங்கே பள்ளம், எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து கணினியில் ஏற்றினாள்.

காரணம் இருக்கிறது. அட்டை கனம்கூட இல்லாத சுவர் கொண்ட உருளையை மேலிருந்து அழுத்தினால், அது சொல்லாமல் கொள்ளாமல் சட்டென்று நசுங்கும். குறையே இல்லாத உருளை இருபத்தெட்டு டன் தாங்கும் என்கிறது புத்தகத்து ஃபார்முலா. குறையே இல்லாத உருளையை இந்த உலகத்தில் எவன் செய்தான்? அது எப்போது விழும் என்பதை அதிலிருக்கிற கோணல்தான் முடிவு செய்கிறது என்பது சுபாஸ்ரீயின் ஆராய்ச்சி. மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதுதான், இரண்டரை வருஷ உழைப்பு.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் பத்மநாபனுக்கு அது வெட்டி வேலை. உருது புழங்கும் திருமுல்கேரியில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம். தமிழில் ஆரம்பித்து உருதுவில் முடிப்பார். ஃபார்முலா எண்ணைப் பாதியாக்கு, எல்லாக் கோணலும் அதற்குள் அடக்கம், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஜாதகம் எழுதிக்கொண்டு உட்காராதே என்பது அவர் கட்சி.

சோதனைக்கு முன்னால், உருளை எத்தனை டன்னில் விழும் என்று ஆளுக்கொரு சீட்டு எழுதிப் போடுவது அந்த ஆய்வகத்து வழக்கம். பதினோரு வருஷமாகப் பாதி எண்ணை எழுதியே பத்மநாபன் ஜெயித்து வந்தார். இந்தத் தடவை பந்தயம் பெரிது. சுபாஸ்ரீ ஜெயித்தால் மூன்றாம் அத்தியாயத்துக்கு அவர் கையெழுத்துப் போடுவார். தோற்றால் அத்தியாயமே போச்சு. அவளுடைய கணினி பதினொன்று என்றது. அதைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்ததுதான் அவள் செய்த தப்பு.

சோதனைக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அவள் தன் பள்ளத்தைப் பார்க்க வந்தாள். பள்ளத்தைக் காணோம்.

ஆய்வக டெக்னீஷியன் செல்லப்பாவைக் கேட்டாள். அவருக்குத் திடீரென்று மின்விசிறியின் மேல் அக்கறை பிறந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். அசிங்கமாக இருந்ததாம், உள்பக்கமிருந்து மரச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினாராம். யார் சொல்லித் தட்டினீர்கள் என்று கேட்டதற்கு, விசிறியைத் துடைக்க ஏணி எடுத்துவரக் கிளம்பிவிட்டார்.

சுபாஸ்ரீக்கு அழுகை வந்துவிட்டது. அளந்த அளவெல்லாம் குப்பை, மறுபடி அளக்க நேரமில்லை. உருளையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பள்ளம் போயிருந்தது நிஜம்; ஆனால் தட்டின தட்டில் தகடு நீண்டு, சுற்றுவட்டாரமே தொளதொளத்துக் கிடந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் டொக்கென்று உள்ளே போய், விட்டால் டொக்கென்று வெளியே வந்தது. கண்ணுக்கு வழவழப்பாகத்தான் தெரிந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், யாரிடமும் மூச்சு விடவில்லை. சீட்டில் பதினொன்றை அடித்து எட்டு என்று எழுதினாள்.

பத்மநாபன் சோதனை நேரத்துக்குத்தான் மாடியிலிருந்து இறங்கினார். உருளையில் தட்டின பக்கம் சுவரைப் பார்த்து நின்றதால் அவர் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவர் பதினான்கு என்று எழுதிப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இயந்திரம் மெல்ல அழுத்தியது. ஐந்து, ஆறு, ஏழு. எட்டேகால் டன்னில் வெடிச் சத்தத்தோடு உருளை இடுப்பொடிந்து உட்கார்ந்தது.

சீட்டுகளைப் பிரித்ததும் பத்மநாபனுக்கு முகம் மாறிவிட்டது.

"எட்டா? இது எப்படிம்மா? உன் கணினி பதினொண்ணுதானே சொல்லுச்சு? அதுவும் பள்ளத்தோட. அதைத்தான் தட்டி எடுத்தாச்சே."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. செல்லப்பா மறுபடியும் மின்விசிறியைப் பார்க்கப் போய்விட்டார்.

சுபாஸ்ரீக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"பள்ளம் ஒரு பொருட்டே இல்லைன்னா, அதை எதுக்கு சார் தட்டச் சொன்னீங்க?"

பத்மநாபன் நசுங்கிய உருளையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூன்றாம் அத்தியாயத்தைக் கொண்டுவரச் சொன்னார். முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏழாம் உருளையையும் இதுல சேர்த்துக்கோ. ஆனா தட்டச் சொன்னது யாருன்னு எழுத நக்கோ, வேணாம்," என்றார்.

"அத்தியாயத்துல எழுத மாட்டேன் சார்," என்றாள் சுபாஸ்ரீ. "நன்றியுரையில எழுதுறேன்."