புதுக் கயிறு

கூடாரத்தின் கடைசி முளையைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தபோது ஜெயகுமாரிக்கு அந்தக் கார் சத்தம் கேட்டது. சைலன்சர் ஓட்டையான டாட்சன். ரிப்பேர் பண்ணுங்கள் என்று அவளே பலமுறை சொல்லி அலுத்த சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை. முளை முழுதாக இறங்கும்வரை அடித்தாள். பகல் முழுக்க எதிர்க்காற்றில் மிதித்து வந்ததில் தொடை இரண்டும் தானாக நடுங்கிக்கொண்டிருந்தன.

அவள் கணவன் சாந்தகுமார் ஆபீஸ் ஷூவோடு புல்லில் இறங்கி நின்றான்.

"மூஞ்சியெல்லாம் கறுத்துப் போச்சு."

"வெயில்."

"நம்ம தூத்துக்குடில உப்பளத்துக்கு வேலைக்குப் போறவங்கதான் இப்படி மிதிப்பாங்க. நீ லீவு போட்டுட்டு மிதிக்கிற."

அவள் அம்மா உப்பளத்துக்கு நடந்துதான் போனாள். சைக்கிள் இருந்தால் மிதித்திருப்பாள். ஜெயகுமாரி கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள்.

சான் அன்டோனியோவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவள் நர்ஸ். வேலை என்றால் ஊசி மருந்தைவிட அதிகம் தூக்குவதுதான். புரட்டுவது, உட்காரவைப்பது, கழுவுவது, மறுபடி படுக்கவைப்பது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு கட்டில். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன மாமியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாரும் எழுந்து நின்று பாடும்போது இவள் உட்கார்ந்தே இருப்பாள். ஜெபத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இல்லத்துக்கு வரும் டாக்டர் ஒருநாள் மதிய இடைவேளையில் ஸ்லைடு போட்டுக் காட்டினார். பிரான்சில் கிராமம் கிராமமாகத் தனியாக சைக்கிளில் போய், கூடாரம் போட்டுத் தூங்கி வந்திருக்கிறார். கல் சுவர், மாடுகள், வயலோரம் ஒரு மரம், மரத்தில் சாய்த்த சைக்கிள். மற்ற நர்சுகள் வெண்ணெய், ரொட்டி என்று பேசிக்கொண்டார்கள். ஜெயகுமாரி கவனித்தது வேறு. எந்தப் படத்திலும் தூக்கிவிட வேண்டிய ஆள் ஒருத்தர்கூட இல்லை.

பிரான்சுக்குப் போக முடியாது. கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நாட்டைவிட்டு வெளியே போகாதே என்று வக்கீல் சொல்லியிருந்தார். "பக்கத்திலேயே காஸ்ட்ரோவில் என்று ஒரு ஊர், அந்தப் பக்கம் போ, அந்தக் காலத்தில் பிரான்சிலிருந்து வந்தவர்கள் கட்டிய கல் வீடுகள் இன்னும் இருக்கின்றன" என்று சொல்லி டாக்டர்தான் தன் பழைய கூடாரத்தையும் கொடுத்தார். ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் ஒரு சைக்கிள் வாங்கினாள். ஐந்து நாள் லீவு. காஸ்ட்ரோவிலில் அந்தக் கல் வீடுகள் இரண்டு தெருவிலேயே முடிந்துபோயின. அவள் நிற்காமல் மேற்கே ஹோண்டோ, சபினல் என்று மிதித்து, மூன்றாம் நாள் சாயங்காலம் ஃப்ரியோ ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருந்தாள். வரும் வழியில் பெட்ரோல் பங்க் போனிலிருந்து வீட்டுக்குப் பேசியபோது எங்கே தங்குகிறாள் என்று சொன்னதுதான் தப்பு.

"சர்ச்ல எல்லார்ட்டயும் நீ டல்லஸ்ல டிரெய்னிங்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றபடி சாந்தகுமார் டிக்கியைத் திறந்தான். "உன்னக் கூப்பிடப் போறேன்னதும் நம்ம சர்ச் எலிசா ஆன்ட்டி லெமன் ரைஸ் குடுத்துவிட்டாங்க."

டிபன் கேரியரை எடுத்தபோது அதன் பின்னால் பிரிக்காத பாக்கெட்டில் மஞ்சள் நைலான் கயிறு கிடந்தது. மற்றபடி டிக்கி சுத்தமாகக் காலி.

"கயிறு எதுக்கு?"

அவன் கேரியரைக் கூடாரத்துக்குப் பக்கத்திலிருந்த முகாம் மேஜைமேல் வைத்தான். "சைக்கிள வெச்சா டிக்கி மூடாதுல்ல. கட்டணும்."

அவள் மரத்தில் சாய்த்திருந்த சைக்கிளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா சாப்பிட மாட்டேங்குறாங்க ஜெயா. நேத்துலேர்ந்து வாயையே திறக்கல. நீ வந்தாத்தான் ஆகும்."

இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. ஆனால் இந்த நிமிஷம் அவனாகவே சைக்கிளைத் தூக்கி டிக்கியில் போட்டால், தடுக்கக்கூடத் தன் கை எழாது என்று அவளுக்குத் தெரிந்தது. அவ்வளவு அசதி. அவள் வாய் மட்டும் பழக்கத்தில் கேட்டது.

"யூரின் போச்சா?"

"போச்சு. இப்ப ஆன்ட்டி கூட இருக்காங்க."

"என்ன குடுத்தீங்க?"

"கஞ்சி. ஈசியா இறங்கட்டும்னு தண்ணியாத்தான் வெச்சேன்."

"படுக்க வெச்சா?"

"தலகாணி ஒண்ணு வெச்சேன்."

"இருமினாங்களா?"

"ரொம்ப."

"புரையேறினா பயந்துபோய் வாய மூடிக்கத்தான் செய்வாங்க." குற்றம் சொல்லும் குரல் இல்லை. ஷிப்ட் மாறும்போது அடுத்தவளிடம் சொல்லும் குரல். "உக்காருங்க, எப்படிக் குடுக்கணும்னு காட்டுறேன்."

சின்ன அடுப்பைப் பற்றவைத்து ஓட்ஸ் கிளறினாள். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வந்ததும் இறக்கி ஆறவைத்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் ஸ்லீப்பிங் பேகைச் சுருட்டி வைத்து நிமிர்த்தினாள். தாடையைக் கொஞ்சம் கீழே அழுத்தினாள்.

"தலை பின்னால போகவே கூடாது. நல்லா இருக்கிற பக்கம், வலது கன்னத்துல வைங்க. பாதிக் கரண்டி. தொண்டை ஏறி இறங்குதான்னு பாருங்க. அப்புறம்தான் அடுத்தது."

அவன் விழுங்கினான். "உப்பு இல்ல."

"பேஷன்ட் பேசக்கூடாது."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "இத்தனை நாளும் இப்படித்தான் குடுக்கிறியா? மூணு வேளையும்?"

"எழுந்திருங்க. இப்ப நீங்க எனக்குக் குடுத்துக் காட்டுங்க."

இடம் மாறினார்கள். அவள் சாய்ந்து கண்ணை மூடி, இடது கையைச் செத்த கைபோல மடியில் போட்டுக்கொண்டாள். முதல் கரண்டி நிறைய வந்து உதட்டோரம் வழிந்தது. அவன் கைக்குட்டையால் துடைத்தான். இரண்டாவதை வலது கன்னத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தான். அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"சரியா?"

அவள் தலையசைத்தாள்.

"அப்ப போதுமா? நான் கத்துக்கிட்டேனா?"

"இன்னொண்ணு" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகு அவன் கேட்காமலே ஊட்டினான். ஆற்றுப் பக்கம் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. சைக்கிள் மரத்தில் சாய்ந்து நின்றது. சாத்தாத டிக்கிக்குள் சின்ன பல்பு எரிய, அந்த மஞ்சள் பாக்கெட் பளபளத்தது. பாத்திரத்தின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது. அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள்.